ரான்சம்வேருக்கு எதிரான நகல்: ஹார்ட் டிஸ்க்கா, கூகுள் டிரைவா?

ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கும் பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். பூவேலை வடிவங்களின் படங்கள், வாடிக்கையாளர் பாக்கி, ஜிஎஸ்டி ரசீதுகள் எல்லாம் ஒரே கணினியில் இருக்கின்றன. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதில் நுழைந்தால், நகல் எங்கே இருக்கிறது என்பதே முதல் கேள்வி.

வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு மாதக் கட்டணமோ இணையமோ வேண்டாம். ஆனால் பல இடங்களில் அது சிமெண்ட் தூசி படிந்த யுஎஸ்பி கம்பியோடு ஆண்டு முழுவதும் கணினியிலேயே தொங்குகிறது. அப்படித் தொங்குவதை ரான்சம்வேர் இன்னொரு டிரைவாகவே கண்டு, அதிலுள்ள நகலையும் சேர்த்துப் பூட்டிவிடும். நகல் எடுத்து முடிந்ததும் கழற்றி, பாட்டன் காலத்து இரும்புப் பெட்டியில் வைத்தால்தான் அது நகல்.

கூகுள் டிரைவுக்குக் கழற்றும் வேலை இல்லை. ஆனால் கணினியோடு ஒத்திசைவதால், பூட்டப்பட்ட கோப்பையும் புதிய பதிப்பு என்றே ஏற்றுக்கொள்ளக்கூடும். பழைய பதிப்புகள் பொதுவாக 30 நாள் வரை கிடைக்கும் என்பது ஆறுதல்தான், எனினும் ஆயிரக்கணக்கான கோப்புகளை மீட்பது பொறுமையைச் சோதிக்கும். கடவுச்சொல் திருடுபோனால் நகலும் போகும்; இரட்டைச் சரிபார்ப்பு (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றையும் கேட்பது) கட்டாயம்.

2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர் பயன்படுத்திய விண்டோஸ் ஓட்டைக்கு, மைக்ரோசாப்ட் மார்ச் மாதமே திருத்தம் வெளியிட்டிருந்தது. ஆகவே எந்த நகலை வைத்திருந்தாலும் விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடக் கூடாது.

ஒன்றே ஒன்று என்றால் என் தேர்வு ஹார்ட் டிஸ்க். ஆனால் சனிக்கிழமைதோறும் நகலெடுத்து அதைக் கழற்றிப் பூட்டிவைக்க ஆள் இல்லாத பட்டறைக்குக் கூகுள் டிரைவே மேல்.