4,294,967,297 என்ற எண்ணுக்கு முன்னால் கசியோ 991ஈஎஸ் பிளஸ்

இலங்கையின் க.பொ.த. உயர்தரப் பௌதிகவியல் பரீட்சையில் கணிப்பானுக்கு இடமில்லை. அதனால் யாழ்ப்பாணப் பிள்ளைகள் பலருக்கு, திருநெல்வேலியில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்துக்குப் போகும்போதுதான் நல்ல கணிப்பான் ஒன்று தேவைப்படுகிறது. எண் கோட்பாடு படிக்கப்போகிறவர்கள் கசியோ எஃப்எக்ஸ்-991ஈஎஸ் பிளஸ் கணிப்பானின் காரணி பிரிக்கும் வசதியைச் சோதித்துப் பார்க்க 2³²+1, அதாவது 4,294,967,297, அருமையான எண்.

இதை முதன்மை எண் (பகா எண்) என்று நம்பியவர் கணிதமேதை ஃபெர்மா. 1732இல் இன்னொரு கணிதமேதையான ஒயிலர் 641 இதை வகுக்கிறது என்று காட்டினார். இதன் முதன்மைக் காரணி எதுவும் 128k+1 வடிவில்தான் வரும் (k ஒரு முழுவெண்). 129, 385, 513 முதன்மை எண்கள் அல்ல. 257ஆல் வகுத்தால் மீதி 2. அடுத்தது 641, மீதியே இல்லை.

2 அடித்து, அடுக்கு விசையில் 32 போட்டபின் வலது அம்பை அழுத்துங்கள். பிறகு +1, சமன். அம்பை மறந்தால் 1 அடுக்குக்குள் போய் 8589934592 வந்துவிடும், இது 2³³. சரியான விடை வந்ததும் ஷிஃப்ட், அதன்பின் பாகை-கலை (° ’ ”) விசை. திரையில் 641×(6700417).

அந்த அடைப்புக்குறியில்தான் பலர் வழுக்குகிறார்கள். “இது முதன்மை எண்” என்பது அதன் பொருள் அல்ல. “இதற்கு மேல் என்னால் பிரிக்க முடியாது” என்பதே. இயந்திரம் தேடுவது மூன்று இலக்கம் வரையான முதன்மைக் காரணிகளை மட்டும். அவற்றை நீக்கிய பின் எஞ்சுவது 1009², அதாவது 1018081ஐ விடச் சிறியதென்றால் அது முதன்மை எண்ணாகத்தான் இருக்கவேண்டும். அதிலிருந்து மேலே எதற்கும் உத்தரவாதம் இல்லை. 4104676 கொடுத்தால் 2²×(1026169) என்கிறது. ஆனால் 1026169 என்பது 1013². 2³¹−1 உண்மையிலேயே முதன்மை எண், அதுவும் அடைப்புக்குறிக்குள்தான் வருகிறது.

அப்படியானால் 6700417? மிச்ச வேலை உங்களுடையது, அதிகமில்லை. வர்க்கமூலம் 2588.5 அளவு. 6700417இன் காரணி எதுவும் 2³²+1இன் காரணியும்தான், ஆகவே அதே வடிவம் இதற்கும் பொருந்தும். அதற்குள் 128k+1 வடிவில் உள்ள முதன்மை எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. ஒவ்வொன்றாலும் வகுத்து, முழுவெண் பகுதியை வகுத்த எண்ணால் பெருக்கி, 6700417இலிருந்து கழியுங்கள். மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. ஒன்றும் பூச்சியமில்லை, ஆகவே 6700417 முதன்மை எண்தான். சூத்திரம் தெரிந்த மாணவருக்கு இந்தக் கணிப்பான் தாராளமாகப் போதும். விசையை மட்டும் நம்புகிறவரை இது ஏமாற்றும்.

காரணி பிரிக்கும் விசைக்குப் பத்து இலக்கம்தான் எல்லை. 2⁶⁴+1க்கு 274177 ஒரு காரணி என்பதை அந்த விசையால் காணமுடியாது. சூரிய ஒளியோடு எல்ஆர்44 பற்றரியும் உள்ளதால் மங்கிய வெளிச்சத்திலும் திரை அணையாது. வாங்கும்போது கடையிலேயே 4104676 கொடுத்து, மேலே சொன்ன விடை வருகிறதா என்று பாருங்கள்.