கல்லீரல் கொழுப்பு: சர்க்கரையைக் குறைப்பதா, நடப்பதா?

களியக்காவிளை பக்கம் சாயங்காலம் ஆனால் சர்க்கரை தூக்கலாகப் போட்ட சாயாவும், மைதா மாவில் முக்கிப் பொரித்த வாழைப்பழமான பழம்பொரியும்தான். ஸ்கேனில் கல்லீரல் கொழுப்பு என்று வந்தவர்கள் கேட்கிறார்கள்: இதை விடுவதா, நடக்கப் போவதா?

முதலில் சர்க்கரை. இனிப்பும் மைதாவும் சேர்ந்தால் இன்சுலின் ஏறும். அது கல்லீரல் செல்லில் எஸ்ஆர்இபிபி-1சி என்ற புரதத்தை முடுக்கிவிட, கொழுப்பு தயாரிக்கும் நொதிகள் பெருகும். அந்தத் தயாரிப்பில் இடையே உருவாகும் மலோனைல் கோஏ என்ற பொருள், செல்லுக்குள் கொழுப்பை எரிக்கும் அடுப்பான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் கொழுப்பு அமிலம் நுழைய உதவும் சிபிடி1 என்ற நொதியின் வாசலை அடைத்துவிடுகிறது. ஆக்கம் கூடும்போதே எரிப்பும் படுத்துவிடும். ஆகவே சர்க்கரையைக் குறைத்தால் இரட்டை லாபம்.

ஆனால் கல்லீரலே தயாரிப்பது, தேங்கும் கொழுப்பில் சுமார் கால் பங்குதான். பாதிக்கு மேல் உடம்பின் கொழுப்புத் திசுவிலிருந்து ரத்தம் வழியே வருகிறது. நடை கைகொடுப்பது இங்கேதான். தசை சர்க்கரையை இழுத்துக்கொள்ளும், இன்சுலின் நன்றாக வேலை செய்யும், அந்த வரத்தும் குறையும். எடை இறங்காவிட்டாலும் கல்லீரல் கொழுப்பு ஓரளவு குறையும்.

என்னைக் கேட்டால் சர்க்கரையை இன்றே குறையுங்கள், அது சுலபம். அப்புறம் நடையை விடாதீர்கள். எடை 7 முதல் 10 சதவீதம் இறங்கினால் கல்லீரல் அழற்சியும் தணிகிறது. 80 கிலோ உள்ளவருக்கு அது 8 கிலோ வரை.