ஐஸ் போட்ட கணக்கு: சமன்பாடா, வரவு செலவா?

சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் கலந்தால் வெப்பம் எப்படிக் கைமாறும் என்று பார்க்கும் வெப்ப அளவீட்டியல் கணக்குகளுக்கு இரண்டு வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்று, இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம் என்று எழுதி, இறுதி வெப்பநிலை T-ஐக் கண்டுபிடிப்பது. மற்றது, எல்லாப் பொருளையும் 0 டிகிரித் தண்ணீராக்கினால் எவ்வளவு வெப்பம் மிஞ்சும் என்று வரவு செலவு பார்ப்பது. என் ஓட்டு இரண்டாவதற்கே.

உருகலும் கொதித்தலும் இல்லாத இடத்தில் சமன்பாடே வேகம். 100 டிகிரிச் செம்பு 100 கிராமை 30 டிகிரித் தண்ணீர் 200 கிராமில் போட்டால் (ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்கச் செம்புக்கு 0.39 ஜூல், தண்ணீருக்கு 4.2 ஜூல்), 39(100 − T) = 840(T − 30), T = 33.1. முடிந்தது.

ஐஸ் வந்தால் கதையே வேறு. சென்னைக் குழாய்த் தண்ணீரை 30 டிகிரி என்றே வைப்போம். அதில் 200 கிராம், 0 டிகிரி ஐஸ் 100 கிராம். இங்கே கலோரியில் பார்ப்போம்: ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 1, ஒரு கிராம் ஐஸை உருக்க 80. சமன்பாட்டில் 200(30 − T) = 8000 + 100T; விடை −6.7. சிலர் கழித்தல் குறியை விட்டுவிட்டு 6.7 என்றே எழுதிவிடுகிறார்கள். ஐஸ் முழுக்க உருகிவிட்டது என்று எழுதும்போதே முடிவு கட்டிவிட்டோம், தப்பு அங்கேதான்.

வரவு செலவில் இந்த முடிவு தானாக வந்து நிற்கும். தண்ணீர் தரக்கூடியது 200 × 30 = 6000 கலோரி. ஐஸ் உருகக் கேட்பது 100 × 80 = 8000. பற்றவில்லை. ஆக இறுதி வெப்பநிலை 0; உருகியது 6000 ÷ 80 = 75 கிராம், மிதப்பது 25 கிராம். ஐஸ் 50 கிராம்தான் என்றால் செலவு 4000, மிச்சம் 2000. மொத்த நிறை 250-ஆல் வகுத்தால் 8 டிகிரி. ஐஸ் −10 டிகிரியில் இருந்தால் கிராமுக்கு 5 கலோரி கூடுதல் செலவு, அவ்வளவுதான்.

பாத்திரத்தையும் மறக்கக் கூடாது. 100 கிராம் செம்புக் கலோரிமீட்டரின் நீர்ச் சமானம், அதாவது அதே அளவு வெப்பம் ஏற்கும் தண்ணீரின் நிறை, 9.3 கிராம். அதுவும் 30 டிகிரியில் இருந்தால் வரவில் 279 கலோரி ஏறும், மிச்சத்தை வகுக்கும்போது நிறையிலும் 9.3 சேரும். பலர் ஒன்றில் மட்டும் சேர்த்துவிட்டு, விடை ஏன் ஒட்டவில்லை என்று தேடுவார்கள். அலகிலும் இதே கவனம் வேண்டும்: கலோரியில் 80-க்குத் துணை 1, ஜூலில் 334-க்குத் துணை 4.2. 80-ஐயும் 4.2-ஐயும் ஒரே வரியில் கலந்தால் எந்த வழியும் காப்பாற்றாது.

நீராவி நிறைய இருக்கும் கணக்கில் மட்டும் 0-க்குப் பதில் 100 டிகிரியை அடிப்படையாக வைப்பது சுலபம் என்று தோன்றுகிறது. அதே 200 கிராம், 30 டிகிரித் தண்ணீரில் 100 டிகிரி நீராவி 50 கிராம் விட்டால், தண்ணீர் 100-ஐத் தொட 14000 கலோரி போதும்; நீராவி குளிர்ந்து தண்ணீராகும்போது தருவது கிராமுக்கு 540 என்பதால், அதனிடம் இருப்பதோ 27000. சுமார் 26 கிராம் குளிர்ந்து தண்ணீராகும், மீதி ஆவியாகவே நிற்கும். சமன்பாட்டை நம்பினால் 152 டிகிரி என்று வரும்.