அலுமினியத்துக்கு எண்ட் மில் வாங்குகிறவர்கள் உஷார்: 11,500 ரூபாய் போச்சு

கோவை கணபதியில் ஒரு விஎம்சி (ப்ரோகிராம் போட்டு உலோகத்தைச் செதுக்கும் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க் செய்கிறேன். ஆன்லைனில் கட்டிங் டூல் விற்கிற ஒரு கடை என் 11,500 ரூபாயை ஏப்பம் விட்டுவிட்டு, இன்று காலையிலிருந்து போனை எடுக்க மாட்டேன் என்கிறது.

6061 ரக அலுமினியம் ஆர்டருக்காக 10 எம்எம், 3 ஃப்ளூட் கார்பைடு எண்ட் மில் சாம்பிளுக்கு ஒன்று வாங்கினேன். எண்ட் மில் என்பது மெஷினில் சுழன்று உலோகத்தை வெட்டும் டூல், ஃப்ளூட் என்பது பல்லை ஒட்டி சிப் (வெட்டிய சீவல்) வெளியேறும் பள்ளம். கோட்டிங் இல்லை, ஃப்ளூட் உள்ளே கண்ணாடி மாதிரி பாலிஷ். 8000 ஆர்பிஎம், அதாவது பல்லின் வெட்டு வேகம் நிமிடத்துக்குச் சுமார் 250 மீட்டர், டூல் நகரும் ஃபீடு நிமிடத்துக்கு 1200 எம்எம். சிப் துள்ளி வெளியே வந்தது, ஃபினிஷ் அருமை. "மொத்தமும் அதே லாட்தாங்கண்ணா, கண்ணை மூடிட்டு ஓட்டுங்க" என்றார் கடைக்காரர் போனில். பேச்சில் அவ்வளவு மரியாதை. அதை நம்பித்தான் பத்து டூலுக்கும் சேர்த்து 11,500 ரூபாயை முன்னாலேயே போட்டேன்.

வந்தது அதே ட்யூப், அதே லேபிள். உள்ளே ரீகிரைண்ட் அடித்த, அதாவது மறுபடி சாணை பிடித்த பழைய டூல். அதே ப்ரோகிராம், அதே கூலன்ட். முதல் ஸ்லாட் (நீளப் பள்ளம்) வெட்டும்போதே அலுமினியம் ஃப்ளூட்டில் அப்பிக்கொண்டு டூல் முறிந்தது, ஜாப்பும் ஸ்கிராப். இன்னொன்றை மாட்டி மெதுவாக ஒரு ஸ்லாட் போட்டேன். 10 எம்எம் பின் கேஜ் (அளவு பார்க்கும் கம்பி) அதில் நுழையவில்லை, 9.8 தான் நுழைந்தது; சாணை பிடித்ததில் டூலின் விட்டம் குறைந்திருக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஃப்ளூட் முழுக்க சாணை வீல் ஓடிய கோடு, ஷாங்க்கில் (டூலைப் பிடிக்கும் காம்பில்) பழைய மார்க்கிங்கைத் தேய்த்த தடம். 3 ஃப்ளூட்டில் ஒரு பல்லுக்கு நேர் எதிரே இன்னொரு பல் இருக்காது. சாதாரண மைக்ரோமீட்டரில் விட்டம் அளக்க முடியாது. அந்தத் தைரியத்தில்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

கூப்பிட்டால் முதலில் "ஸ்பீடைக் குறைங்கண்ணா". அலுமினியத்தில் கார்பைடுக்கு 250 மீட்டர் சாதாரண வேகம். குறைத்தால் ஒட்டுவதுதான் கூடும். அப்புறம் "கூலன்ட் பத்தலைங்கண்ணா". போட்டோ அனுப்பினேன். "ஓட்டின டூலுக்கு ரிட்டர்ன் இல்லைங்க சார்." அதுவரை அண்ணா, அதற்கப்புறம் சார். ஓட்டாமல் எப்படித் தெரியும்? பிரிக்காத எட்டையாவது திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "கேட்டுச் சொல்றேன்" என்றதோடு சரி. 11,500 ரூபாய், ஆபரேட்டர் பையனின் சம்பளத்துக்கு எடுத்து வைத்திருந்த பணம்.

டூல் தேர்வு பற்றி விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. அவசரத்துக்குச் சில: சாம்பிளை நம்பி மொத்தப் பணத்தையும் போடாதீர்கள். ட்யூபைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள், ஃப்ளூட்டை லென்ஸில் பாருங்கள். ஸ்டீலுக்கான 4 ஃப்ளூட் கறுப்புக் கோட்டிங் டூலை "இதுவும் ஓடுங்க" என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள், சிப் போக இடமில்லாமல் அடைத்துக்கொள்ளும்.