திருகோணமலையில் ஓர் உடற்பயிற்சிக் கூடம்: ஓராண்டுக்குப் பின் எழுதும் மதிப்பீடு

புதிதாகச் சேர வருபவரிடம் என்ன சொல்லிப் பணம் வாங்குகிறார்கள் என்பதை வைத்து ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் தரத்தைப் பெருமளவுக்கு அறிந்துகொள்ளலாம். திருகோணமலை நகரில், உவர்மலைக்கு ஏறும் வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், வீடொன்றின் மேல்மாடியில் இயங்கும் இந்தக் கூடத்துக்கு நானும் என் அண்ணனின் மகனும் ஓராண்டுக்கும் மேலாகப் போய்வருகிறோம். மாலை நேரத்தில் இப்போதே கால் வைக்க இடமில்லாமல் இருப்பதால், பெயரைத் தவிர்த்துவிடும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். ஆகவே பெயர் இல்லாமலே எழுதுகிறேன். வேறு எந்தக் கூடத்தில் சேரப்போகிறவரும் எதைக் கேட்க வேண்டும், எதை எதிர்பார்க்கலாம் என்று முடிவு செய்ய இங்கு நான் கண்டவை உதவக்கூடும்.

அண்ணனின் மகனான என் மருமகனுக்கு வயது 19. இங்கு வருவதற்கு முன்னர் அவன் நகரில் வேறோர் இடத்தில் சேர்ந்திருந்தான். மூன்றே மாதத்தில் உடம்பு மாறிவிடும் என்று அங்கே சுவரெல்லாம் படம் ஒட்டியிருந்தார்கள். சேர்ந்த கிழமையே எடை கூட்டும் பவுடர் என்று பெரிய டின் ஒன்றையும் அவன் தலையில் கட்டிவிட்டார்கள். டின்னின் பின்பக்கத்து அட்டவணையை நான் வாசித்துப் பார்த்தேன். அதில் பெரும்பகுதி மோல்டோடெக்ஸ்ட்ரின் என்னும் மாச்சத்து. சொல்லப்பட்ட அளவை ஒரு வேளைக்குக் கரைத்துக் குடித்தால் ஆயிரம் கலோரிக்கு மேல் உள்ளே போகும். மூன்று மாத முடிவில் எடை கூடியது உண்மைதான், ஆனால் கூடியதெல்லாம் வயிற்றில். பையன் மனம் உடைந்து, தனக்கு உடம்பு வராது என்றே முடிவுகட்டிவிட்டான். இப்படி நம்பிக்கை இழந்து விட்டுவிடும் பிள்ளைகள் எங்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால்தான் இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கூடத்தில் முதல் நாள் எடை தூக்க விடவில்லை. நீரிழிவு, இரத்த அழுத்தம், மூட்டுவலி, பழைய சத்திரசிகிச்சை, குடிக்கும் மருந்துகள் என்று ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னார்கள். பிறகு பயிற்றுவிப்பாளரே பிரஷர் பார்த்தார். நான் நாற்பதைத் தாண்டியவள், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவள் என்பதால், கிளினிக்கில் வைத்தியரிடம் கேட்டு ஒரு கடிதம் கொண்டுவந்த பிறகே சேர்த்துக்கொண்டார்கள். அந்த நேரத்தில் இது அலைச்சலாகத் தெரிந்தாலும், மூச்சை அடக்கிக்கொண்டு பாரத்தைத் தள்ளும்போது இரத்த அழுத்தம் சட்டென்று உயரும் என்பதை அறிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். தூக்கும்போது மூச்சை வெளியே விடு, இறக்கும்போது உள்ளே இழு என்பதுதான் எனக்கு அங்கே சொல்லித்தரப்பட்ட முதல் பாடம்.

எவ்வளவு நாளில் உடம்பு வரும் என்று மருமகன் கேட்டதற்குக் கிடைத்த பதிலை அப்படியே தருகிறேன். “தம்பி, ஒழுங்கா வந்து, ஒழுங்கா சாப்பிட்டு, நித்திரையும் கொண்டா, முதல் வருஷத்தில மாசம் அரைக் கிலோ தசை ஏறினா அது நல்ல விஷயம். அதுக்கு மேல நான் சொன்னா அது பொய்.” சந்தா கட்ட வந்து நிற்கும் ஒரு பையனிடம் இப்படிச் சொல்வதற்குத் துணிவு வேண்டும்.

அவர் சொன்னது பொதுவாக மதிப்பிடப்படும் அளவோடு ஒத்துப்போகிறது. பயிற்சியே இல்லாத இளைஞன் ஒருவன் முதலாண்டில் மாதம் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை தசை சேர்க்கலாம். பெண்களுக்கு ஏறக்குறைய அதில் பாதி. இரண்டாம் ஆண்டில் இந்த வேகம் பாதியாகக் குறையும், பிறகு இன்னும் குறையும். ஒரே பயிற்சியைச் செய்யும் இருவருக்கு ஒரே பலன் கிடைக்காது என்பதும் உண்மை. எலும்பின் அமைப்பும் பிறவிக் கூறுகளும் வயதும் அதில் பங்குகொள்கின்றன. முதல் நான்கு முதல் ஆறு வாரங்களில் தூக்கும் பாரம் விறுவிறுவென்று கூடும், ஆனால் கை அளவு நாடாவில் ஒன்றும் தெரியாது. ஏற்கனவே உடலில் உள்ள தசைநார்களைக் கூடுதலாகவும் ஒருங்கிணைத்தும் இயக்க நரம்பு மண்டலம் பழகிக்கொள்ளும் காலம் அது. கண்ணாடியில் மாற்றம் தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். மூன்று மாதத்தில் எல்லாம் முடிந்துவிடும் என்று நம்பி வந்தவன், வளர்ச்சி கண்ணுக்குத் தெரியத் தொடங்கும் அதே கட்டத்தில் ஏமாந்து நின்றுவிடுகிறான். வயிற்றுக்கு மட்டும் பயிற்சி செய்து வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க முடியாது என்பதையும் இங்கே தயவுதாட்சண்யமின்றிச் சொல்லிவிடுகிறார்கள்; அதற்காகவே வருகிற பலர் அன்றோடு திரும்பிப் போவதையும் பார்த்திருக்கிறேன்.

சொல்லித்தரும் முறைதான் இந்தக் கூடத்தின் பெரிய பலம். குனிந்து பாரம் எடுக்கும்போது முதுகு வளையக்கூடாது என்பதை விளக்க, மூலையில் கிடந்த தும்புத்தடியின் கம்பைக் கழற்றி என் முதுகோடு சேர்த்துப் பிடித்தார்கள். பின்தலை, தோள்பட்டைகளின் நடுவிடம், நாரியின் அடிப்பகுதி ஆகிய மூன்று இடங்களிலும் கம்பு முட்டிக்கொண்டே இருக்க வேண்டும். இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிய வேண்டும். மூன்றில் ஓர் இடத்தில் கம்பு விலகினாலும் திரும்ப முதலிலிருந்து. அந்தக் கம்போடு பல நாட்கள் போராடிய பிறகே, தரையிலிருந்து பாரத்தைத் தூக்கி நிமிரும் டெட்லிப்ட் செய்ய, இரு முனையிலும் தட்டு மாட்டும் இரும்புத் தண்டான பாபெல் கைக்கு வந்தது. வகுப்பறையில் மணிக்கணக்காக நின்று பாடம் நடத்துவதால் பழகிப்போன நாரிப்பிடிப்பு எனக்கு இப்போது மிகவும் குறைந்திருக்கிறது. எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன், எனக்கு நடந்தது.

பயிற்சித் திட்டம் எளிமையானது. கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் முழு உடம்புக்கும்: பாரத்தோடு குந்தி எழும் ஸ்குவாட், படுத்தபடி பாரத்தைத் தள்ளும் பெஞ்ச் பிரஸ், பாரத்தை உடம்பை நோக்கி இழுக்கும் ரோ, டெட்லிப்ட், தலைக்கு மேல் தள்ளும் பிரஸ், மேலிருந்து கீழே இழுக்கும் கேபிள் புல்டவுன். ஒவ்வொரு தசைக்கும் வாரத்தில் பத்துச் செட் (இடைவிடாமல் அடுத்தடுத்துத் தூக்கும் ஒரு தொகுதியே ஒரு செட்) அளவில் வேலை கிடைக்கும்படி பிரித்திருக்கிறார்கள்; இன்னும் இரண்டு முறை தூக்கலாம் என்ற நிலையில் செட்டை நிறுத்தச் சொல்கிறார்கள். பெரியவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாள் தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் செய்ய வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டலில் உள்ளது. மூன்று நாள் கூடமும், மற்ற நாட்களில் டச்சுக் குடாக் கடற்கரையில் வேகமாக ஒரு நடையும் என்றால் எனக்கு அது சரியாகப் பொருந்திவிடுகிறது.

எல்லோருக்கும் தடித்த அட்டை போட்ட ஒரு சி.ஆர். கொப்பி உண்டு. திகதி, பாரம், எத்தனை முறை என்பதை எழுதாமல் வெளியேற முடியாது. போன முறை எழுதியதைவிட ஒரு முறை கூடுதலாகத் தூக்குவது, அல்லது கொஞ்சம் பாரம் கூட்டுவது என்பதே தசை வளர்வதற்கான அடிப்படை. இங்கேதான் என்னுடைய முதன்மையான குறையும் இருக்கிறது. இந்தக் கூடத்தில் உள்ள மிகச் சிறிய தட்டு 2.5 கிலோ. இரண்டு பக்கமும் போட்டால் ஒரே தாவலில் ஐந்து கிலோ கூடிவிடுகிறது. அறுபது கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு அது பெரிய விஷயமில்லை. 20 கிலோ வெறும் பாபெல்லைத் தலைக்கு மேல் தள்ளும் ஒரு பெண்ணுக்கு அது கால்வாசிப் பாரத்தை ஒரே நாளில் கூட்டுவதற்குச் சமம். 1.25 கிலோத் தட்டுகள் இரண்டு சோடி வாங்கிப் போட்டால் தீரக்கூடிய பிரச்சினை இது. போதாக்குறைக்கு, பழைய தட்டுகள் சில இறாத்தலிலும் புதியவை கிலோவிலும் இருக்கின்றன. 45 இறாத்தல் தட்டும் 20 கிலோத் தட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றல்ல. இரண்டையும் கலந்து மாட்டிவிட்டால் கொப்பியில் எழுதும் கணக்கும் பிழைத்துவிடும்.

உணவு விடயத்தில் இங்கே பவுடர் எதுவும் விற்பதில்லை என்பது எனக்கு மிகுந்த நிம்மதி. உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் போதும், அதற்கு மேல் உண்பதால் தசை வளர்ச்சிக்குப் பெரிதாகப் பலனில்லை என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. அறுபது கிலோ உள்ளவருக்கு அது 96 கிராம். கடற்கரையில் இருக்கும் எங்களுக்கு இதை எட்டுவது கடினமான காரியமே அல்ல. 150 கிராம் சூரை மீனில் ஏறத்தாழ 35 கிராம், இரண்டு முட்டையில் 12 கிராம், ஒரு கிண்ணம் பருப்புக் கறியில் 16 கிராம், ஒரு கோப்பை அவித்த கௌபியில் 13 கிராம், மூதூர் எருமைத் தயிர் ஒரு கிண்ணத்தில் எட்டு கிராம், சோற்றில் இன்னும் எட்டு கிராம் என்று கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். எங்கள் வீடுகளில் நடப்பது வேறு: கோப்பை நிறையச் சோறு, ஓரத்தில் ஒரு துண்டு மீன். சோற்றைக் கொஞ்சம் குறைத்து மீனையும் பருப்பையும் கூட்டியதுதான் மருமகனுக்குச் செய்த முழு மாற்றம். காலையில் வெறும் பாணும் சம்பலும் என்றிருந்தவன் இப்போது இரண்டு முட்டை சேர்த்துக்கொள்கிறான்.

தசை வலுவுக்காகச் சிலர் எடுக்கும் கிரியேட்டின் என்ற துணைச்சத்தை மட்டும் வேண்டுமானால் வாங்கலாம், வாங்காவிட்டாலும் குற்றமில்லை என்றார் பயிற்றுவிப்பாளர். அதைப் பற்றிய ஆய்வுகள் ஏராளம். அதன் வழக்கமான வடிவமான மோனோஹைட்ரேட் நாளுக்கு மூன்று முதல் ஐந்து கிராம் போதும். ஆரம்பத்தில் கூடும் ஒன்றிரண்டு கிலோ பெரும்பாலும் தசைக்குள் சேரும் நீர்தான். சிறுநீரக நோய் உள்ளவர்கள் கிரியேட்டினையோ கூடுதல் புரதத்தையோ வைத்தியரிடம் கேட்காமல் தொடக்கூடாது. எங்கள் மாவட்டத்திலேயே பதவி சிறிபுரப் பக்கம் சிறுநீரக நோயால் எத்தனை குடும்பங்கள் துன்பப்படுகின்றன என்பதை அறிந்தவர்கள் இந்த எச்சரிக்கையை இலேசாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஊசி, ஹோர்மோன் மாத்திரை என்று யாராவது காதில் ஓதினால், அந்த ஆளை இந்தக் கூடத்திலிருந்து வெளியே அனுப்பிவிடுகிறார்கள். உடல் தானாகச் சுரக்கும் ஹோர்மோனை அந்த மருந்துகள் அடக்கிவிடும், இதயத்தையும் பாதிக்கும் என்பதைப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாகவே சொல்கிறார்கள்.

பெண்களுக்கு மாலை நான்கு மணியிலிருந்து ஐந்தரை வரை தனி நேரம். ஒரு பெண் உதவியாளர் இருக்கிறார். வீதிப் பக்கத்துக் கண்ணாடிக்குத் திரை போட்டிருக்கிறார்கள். ஜமாலியாவிலிருந்தும் பாலையூற்றிலிருந்தும் உப்புவெளியிலிருந்தும் வருகிறார்கள். தமிழ், முஸ்லிம் பெண்கள் எல்லோரும் ஒரே பெஞ்சில் மாறி மாறிப் பயிற்சி செய்கிறோம். எடை தூக்கினால் ஆண்பிள்ளை உடம்பு வந்துவிடுமோ என்று புதிதாக வருகிற அநேகமானவர்கள் கேட்கிறார்கள். மேலே சொன்ன கணக்கே அதற்குப் பதில்: பாடுபட்டாலும் மெதுவாகத்தான் வரும். வயது போனவர்கள் தயங்கவும் தேவையில்லை. 1990இல் அமெரிக்காவில் முதியோர் பராமரிப்பு இல்லமொன்றில், சராசரி வயது தொண்ணூறு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய தொடைவலு சராசரியாக 174 சதவீதம் கூடியது என்று பதிவாகியிருக்கிறது. தொண்ணூறில் முடிந்தது ஐம்பதில் முடியாதா என்று எங்கள் பாடசாலையில் ஓய்வுபெறவிருக்கும் ஒரு டீச்சரிடம் கேட்டேன். அவரும் இப்போது வருகிறார்.

வசதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். குளிரூட்டி கிடையாது, நான்கு மின்விசிறிகள் மட்டும்; சோளகம் வீசும் மாதங்களில் மேல்மாடி அனலாகக் கொதிக்கும், தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் போகக்கூடாது. மின்வெட்டு வந்தால் மின்பிறப்பாக்கி இல்லை. ஸ்குவாட் செய்யப் பாபெல்லைத் தாங்கி நிற்கும் ராக் ஒன்றே ஒன்று. ஆறு மணிக்குப் பிறகு ஆண்கள் நேரத்தில் அதற்கு வரிசை நிற்கிறது. ஓடும் இயந்திரங்கள் இரண்டில் ஒன்று பழுதாகிப் பல மாதங்களாகக் கிடக்கிறது. உப்புக் காற்று இரும்பை விடாது. பாபெல்லின் சொரசொரப்பான பிடிகளில் துரு ஏறாமல் இருக்க, கிழமைக்கொரு முறை கம்பித் தூரிகையால் தேய்த்துத் தையல் மெசின் எண்ணெயில் தோய்த்த துணியால் துடைத்து வைக்கிறார்கள். அந்தக் கவனம் கழிவறைக்கும் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

மாதக் கட்டணம் 3,000 ரூபாய், மாணவர்களுக்கு 2,000, பற்றுச்சீட்டு தருகிறார்கள், நீண்ட காலத்துக்கு மொத்தமாகக் கட்டும்படி யாரையும் நெருக்குவதில்லை. குளிரூட்டிய மண்டபமும் வரிசையாக ஓடும் இயந்திரங்களும் வேண்டும் என்பவர்களுக்கும், ஆணழகன் போட்டிக்குத் தயாராகிறவர்களுக்கும் இந்த இடம் போதாது. முதன்முறையாகப் பாரம் தூக்கப் போகிறவர்கள், ஒரு முறை ஏமாந்து கைவிட்டவர்கள், வைத்தியர் பயிற்சி செய்யச் சொல்லி எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்கள் ஆகியோருக்கு இதைவிட நல்ல இடம் நகரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சேருவதற்குக் காலை வேளையில் போங்கள். அப்போதுதான் பயிற்றுவிப்பாளருக்கு உட்கார்ந்து பேச நேரம் இருக்கும். போகும்போது சிறிய தட்டுகள் வாங்கும்படி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.