நம்பர் தியரி பழக கேசியோ 991இஎஸ் ப்ளஸ்: அந்த ஃபேக்ட் கீ ஒண்ணே போதும்

காலேஜ்ல வாங்குன கேசியோ எஃப்எக்ஸ்-991இஎஸ் ப்ளஸ் கால்குலேட்டர், இப்போ எங்க வீட்ல எண்ணோட விளையாடுறதுக்குன்னே டேபிள் மேல இருக்கு. டிகிரி, நிமிஷம், செகண்ட் குறி போட்ட கீ இருக்குல்ல, அதுக்கு மேல குட்டியா ஃபேக்ட்னு எழுதியிருக்கும். ஒரு நம்பர அடிச்சு சமம் போட்டுட்டு, ஷிஃப்ட் அமுக்கி அந்த கீய அமுக்கினா பகாக் காரணிகளா பிரிச்சுக் குடுத்துடும். படிக்கிற நாலு வருஷமும் நான் அத தொட்டதே இல்ல.

பொண்ணுகிட்ட ஏதாவது மூணு இலக்க நம்பர ரெண்டு தடவ சேத்து அடிக்கச் சொன்னேன், 372372 அடிச்சா, 2² × 3 × 7 × 11 × 13 × 31 னு வந்துச்சு, அப்புறம் எத அடிச்சாலும் 7, 11, 13 மூணும் வந்துகிட்டே இருக்கு, "எப்படிப்பா?"ன்னு கேட்டா. மூணையும் பெருக்கிப் பாரும்மான்னேன். 1001 வந்ததும், 372 × 1001 தான் 372372னு அவளே பிடிச்சுட்டா.

பத்து இலக்கம் வரைக்கும்தான் பிரிக்கும், அதுலயும் மூணு இலக்க பகா எண் வரைக்கும்தான் வகுத்துப் பாக்கும். அடுத்த பகா எண் 1009, அதோட வர்க்கம் 1018081. மிச்சம் இருக்குற எண் இதுக்குக் கீழ இருந்தா நிச்சயமா பகா எண், இதுவோ இதுக்கு மேலயோ இருந்தா பகா எண்ணா இல்லையான்னு சொல்லாம அடைப்புக்குறிக்குள்ள போட்டுக் காட்டிடும். ஒரு எண் பகா எண்ணான்னு தெரிய அதோட வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பாத்தா போதும்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணது எனக்கு உண்மையில புரிஞ்சது இந்த அடைப்புக்குறியாலதான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2³² + 1. 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 னு அடுக்கை இரட்டிச்சுகிட்டே போனா வர்ற 5, 17, 257, 65537 எல்லாம் பகா எண்ணா இருக்கவும் இதுவும் அப்படித்தான்னு கணித மேதை ஃபெர்மா நம்பினார், 1732ல ஆய்லர்ங்குற இன்னொரு கணித மேதை இது 641 ஆல வகுபடும்னு காட்டினார். நம்ம கால்குலேட்டர்ல போட்டா 641 × (6700417). அடைப்புக்குறி! அப்போ 6700417 பகா எண்ணா இல்லையா?

இதோட வர்க்கமூலம் 2588 சொச்சம். 1009ல இருந்து அதுவரைக்கும் பகா எண்ணுங்க இருநூறுக்கு மேல இருக்கு, ஆனா ஆய்லர் கண்டுபிடிச்ச மாதிரி இதோட காரணி எதுவா இருந்தாலும் 64 ஆல வகுத்தா மீதி 1 தான் வரணும். ஒரு நோட்டுல 1025, 1089, 1153 னு 64, 64 ஆ கூட்டி எழுதிகிட்டே வந்தேன், நடுவுல ராமானுஜனோட 1729 கூட வந்துச்சு, ஆனா அது 7 × 13 × 19, பகா எண் இல்ல, அதனால அதையும் அது மாதிரி மத்ததையும் கோடு போட்டு அடிச்சாச்சு. கடைசில மிஞ்சுனது 1153, 1217, 1409, 1601, 2113, அஞ்சே அஞ்சு. ஒவ்வொண்ணா வகுத்தேன், எதுலயும் மீதி இல்லாம போகல. 6700417 பகா எண்தான்.

வாங்குறவங்க மாடல் பேர மட்டும் பாக்காம அந்த கீ மேல ஃபேக்ட் இருக்கான்னு பாத்து வாங்குங்க.