அஜைல் கோச்சிங் சர்வீஸ், எங்க கம்பெனி அனுபவம்

பெரிய கம்பெனி, ஏகப்பட்ட டீம், வருஷத்துக்கு ரெண்டே சாஃப்ட்வேர் ரிலீஸ்னு ஓடிட்டிருந்தோம், வேலையச் சின்னச் சின்னதா பிரிச்சு அடிக்கடி வெளியிடற அஜைல் முறைக்கு மாறணும்னு வெளியிலேர்ந்து ஒரு கோச்சிங் சர்வீஸ் எடுத்தாங்க. முதல்ல ட்ரெயினிங், 2001ல 17 பேர் சேந்து எழுதுன அஜைல் மேனிஃபெஸ்டோ, அதோட 12 கொள்கை எல்லாம் சொன்னாங்க, அது நாமளே படிச்சுக்கலாம்.

உண்மையான உதவி அப்புறம்தான். டெய்லி ஸ்க்ரம்ங்கற தினசரி டீம் மீட்டிங் 15 நிமிஷம்தான் இருக்கணும், எங்களுது முக்கா மணி நேரம் இழுக்கும், எல்லாரும் மேனேஜர் மூஞ்சியப் பாத்து ஸ்டேட்டஸ் ஒப்பிப்போம். கோச் ஒரு வாரம் வாயத் தொறக்காம உக்காந்து கவனிச்சார், அப்புறம் மேனேஜர்கிட்ட தனியா பேசிட்டு எந்த வேலை எந்தக் கட்டத்துல இருக்குன்னு கார்டு கார்டா காட்டற போர்டப் பாத்து எங்கள பேச வச்சார். அந்த போர்டுல டெஸ்டிங் கட்டத்துல ஒரு கார்டு பத்து நாளா நகராமக் கெடந்தது அன்னைக்குத்தான் எல்லார் கண்லயும் பட்டுச்சு, டெஸ்டர் வேற டீம், அங்க தனி க்யூ. டெஸ்டர எங்க டீமுக்குள்ளயே கொண்டு வந்ததும் வேலை மளமளன்னு நகர ஆரம்பிச்சது, அதுக்கே அவருக்குப் பெரிய நன்றி.

குறைனா, பட்ஜெட், அப்ரைசல் பக்கம் அவங்க கையே வைக்கல. எல்லா டீம் வெலாசிட்டியையும், அதாவது ஒரு சுத்துல முடிக்கற ஸ்டோரி பாயிண்ட் கணக்கையும், ஒரே ஷீட்ல போட்டு ஒப்பிடவும் விட்டாங்க, ஸ்டோரி பாயிண்ட்ங்கறது ஒரு வேலை எவ்ளோ பெருசுன்னு டீமே போடற மதிப்பு, டீமுக்கு டீம் வேற அளவு, அதனால ஆளாளுக்கு பாயிண்ட்ட ஏத்திப் போட ஆரம்பிச்சாங்க, ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

5க்கு 3.5. எடுக்கறவங்க மேனேஜ்மெண்டையும் முதல் நாள்லேர்ந்தே கூட உக்கார வைங்க.